அடைக்கோழியா, தெர்மாகோல் பெட்டியா, தானியங்கி இன்குபேட்டரா, ஹேட்சரியா? நாட்டுக்கோழி முட்டையை எங்கே பொரிக்க வைப்பது

நாட்டுக்கோழி வளர்ப்பவர்கள் பத்துப் பதினைந்து பெட்டைகளைத் தாண்டியதும் எல்லோருக்கும் ஒரே சிக்கல் வருகிறது. முட்டை சேர்ந்துகொண்டே போகும், அடைக்கு உட்காரும் கோழி போதாது. "இன்குபேட்டர் வாங்கிவிடலாமா, ஹேட்சரியில் கொடுத்துப் பொரித்து வாங்கலாமா, இல்லை இருக்கிற கோழியை வைத்தே ஓட்டலாமா?" என்று கேட்கிறார்கள். கேட்கும்போதே விலை என்ன, எத்தனை முட்டை பிடிக்கும் என்ற இரண்டு கேள்விகளும் கூடவே வந்துவிடும். வெளியே வருகிற குஞ்சு எப்படி இருக்கும் என்று கேட்பவர்கள் குறைவு. நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

நூறு முட்டை வைத்து எண்பது குஞ்சு பொரிந்து, முதல் வாரத்திலேயே முப்பது செத்துப்போனால் கையில் நிற்பது ஐம்பது. அறுபது மட்டும் பொரிந்து, அதில் ஐந்து போனால் ஐம்பத்தைந்து. தீவனமும் புரூடர் (குஞ்சுக்குச் சூடு கொடுக்கும் கூண்டு) கரண்டும் இரண்டாவதில் குறைவு, குஞ்சும் கூடுதல். ஆகவே எந்த முறையை ஒப்பிட்டாலும், வைத்த முட்டைக்கு எட்டாம் நாள் துள்ளி ஓடும் குஞ்சு எத்தனை என்று கணக்குப் போடுங்கள். மெஷின் விற்பவர் சொல்லும் பொரிப்பு சதவீதத்தில் இந்தக் கணக்கு இருக்காது.

## எதை வைத்து ஒப்பிடுவது

வெப்பம். கோழி முட்டைக்கு 21 நாள். காற்றாடி உள்ள மெஷினில் 37.5 முதல் 37.8 டிகிரி செல்சியஸ். காற்றாடி இல்லாத பெட்டியில் மேலே சூடும் கீழே குளிர்ச்சியுமாக இருப்பதால், முட்டையின் மேல்மட்டத்தில் அளந்தால் 38.3 முதல் 38.9 வரை இருக்க வேண்டும். சூடு கூடினால் 19, 20ஆம் நாளே அவசரப்பட்டுப் பொரிக்கும். குஞ்சு சிறுத்து, தொப்புள் மூடாமல், அந்த இடத்தில் கறுப்புப் பொத்தான் ஒட்டியதுபோல இருக்கும். சூடு குறைந்தால் 22, 23 என்று இழுக்கும், வயிறு பெருத்துக் கால் தள்ளாடும். இரண்டில் சூடு கூடுவதுதான் மோசம். குளிர்ந்த கரு கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். வெந்த கரு திரும்பாது.

ஈரப்பதம். முதல் 18 நாள் 50 முதல் 55 சதவீதம், கடைசி மூன்று நாள் 65 முதல் 75. ஓட்டின் நுண்துளைகள் வழியே முட்டை தண்ணீரை இழக்க வேண்டும். 18ஆம் நாளுக்குள் எடையில் ஏறத்தாழ 12 சதவீதம் குறைந்திருந்தால் சரி. அப்போதுதான் அகன்ற முனையில் காற்றறை போதிய அளவு விரியும், குஞ்சு முதல் மூச்சை அங்கேதான் விடும். ஈரம் அதிகமானால் காற்றறை சுருங்கி, ஓட்டைக் கொத்திய இடத்திலேயே மூச்சு முட்டிச் சாகும். ஈரம் போதாவிட்டால் உள்ஜவ்வு காய்ந்து குஞ்சின் ரோமத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

புரட்டுதல். 18ஆம் நாள் வரை புரட்ட வேண்டும். இல்லையென்றால் கரு ஓட்டு ஜவ்வில் ஒட்டிப்போகும். மெஷின் மணிக்கு ஒருமுறை சாய்க்கும். கையால் என்றால் நாளுக்கு மூன்று அல்லது ஐந்து முறை. ஒற்றைப்படையாக வைத்தால், இரவில் நீண்ட நேரம் கிடக்கும் பக்கம் தினமும் மாறும்.

காற்று. கடைசி வாரத்தில் கரு நன்றாக மூச்சு விடும், தானே சூட்டையும் வெளியிடும். காற்றுத்துளையை அடைத்துச் சூட்டைக் காப்பாற்ற நினைப்பது அந்த நேரத்தில் குஞ்சைக் கொல்லும்.

இவற்றோடு நோய், ஆள் வேலை, கரண்ட், கண்ணுக்குத் தெரியாத செலவு. இனி ஒவ்வொன்றாக.

## அடைக்கோழி

மேலே சொன்ன நான்கையும் யாரும் சொல்லாமலே செய்யும். அடிவயிற்றில் இறகு உதிர்ந்த தோல் முட்டையில் நேரடியாகப் படும். அலகால் நாளெல்லாம் புரட்டிக்கொண்டே இருக்கும். தினம் ஒருமுறை இரைக்கும் தண்ணீருக்கும் எழுந்து போகும் கால் மணி நேரத்தில் முட்டைக்குக் காற்றும் கிடைக்கும். கரண்ட் போவதைப் பற்றிக் கவலையே இல்லை. பொரித்த பிறகு புரூடரும் வேண்டாம், பருந்து வந்தால் எச்சரிக்கவும் ஆள் உண்டு. தரம் என்று பார்த்தால் நல்ல அடைக்கோழி இறக்கும் குஞ்சுக்கு ஈடாக மெஷின் குஞ்சைச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

ஆனால் இதற்கும் விலை உண்டு. நாட்டுக்கோழி ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டைதான் இடும், அதையும் ஈடு ஈடாக, அதாவது தொகுதி தொகுதியாக இடும். அடையில் 21 நாள், குஞ்சோடு இரண்டு மூன்று மாதம் என்று அது முட்டையிடாமல் கழிக்கும் காலம்தான் உங்கள் செலவு. குஞ்சைச் சீக்கிரம் பிரித்துவிட்டால் அடுத்த ஈட்டுக்கு வேகமாக வரும். இந்தக் கணக்கை யாரும் காசாக எழுதுவதில்லை, அதனால்தான் அடைக்கோழி ‘சும்மா’ என்று தோன்றுகிறது.

எல்லாக் கோழியும் அடைக்கு ஆகாது. சிறுவிடை நன்றாக உட்காரும். பெருவிடை, அசில் போன்ற கனத்த கோழிகள் சில நேரம் முட்டையை மிதித்து உடைக்கும். கடக்நாத் என்கிற கருங்கோழி அடையில் நிலையாக உட்காராது. லெக்ஹார்ன் போன்ற முட்டைக்கோழிகளில் அடைக் குணத்தையே தலைமுறை தலைமுறையாகக் கழித்துவிட்டார்கள்.

ஒரு கோழிக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டைக்கு மேல் வைக்காதீர்கள். ஆசைப்பட்டுப் பதினெட்டு வைத்தால் ஓரத்து முட்டை மாறி மாறிக் குளிரும், மொத்தமும் கெடும். அடுத்த ஆபத்து பேன். அடையில் இருக்கும் கோழி மண்குளியலுக்கு அதிகம் போகாது. பேனும் உண்ணியும் ஏறினால் கோழி பாதியில் எழுந்துவிடும், அல்லது குஞ்சு பொரித்த அன்றே அவை குஞ்சின் மேல் ஏறிவிடும். அடை வைப்பதற்கு முன்பே கோழிக்கும் கூடைக்கும் மருந்து போட்டுவிடுங்கள். கூடையின் அடியில் மணல், மேலே வைக்கோல், கொஞ்சம் வேப்பிலை. ஊரில் வரமிளகாய், கரித்துண்டு, இரும்பு ஆணி வைப்பார்கள், இடி இடித்தால் முட்டை கூமுட்டை ஆகாது என்று. அதை வைப்பதில் கெடுதல் இல்லை. கூமுட்டைக்குக் காரணத்தைச் சேவலிலும் முட்டையைச் சேமித்த விதத்திலும் தேடுங்கள்.

வாத்து முட்டைக்கும் (28 நாள்) அடைக்கோழி வைப்பது நம் ஊர்ப் பழக்கம்தான். ஒரு வாரம் கூடுதலாக உட்கார வேண்டியிருப்பதால் கோழியின் தீனியில் குறை வைக்காதீர்கள்.

## தெர்மாகோல் பெட்டி

தெர்மாகோல் பெட்டி, இரண்டு குண்டு பல்பு, ஒரு டிஜிட்டல் தெர்மோஸ்டாட் (சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி), ஒரு கிண்ணம் தண்ணீர். வீடியோ பார்த்து ஒரு பகலில் செய்துவிடலாம். கரண்ட் செலவும் அற்பம்: 40 வாட் பல்பு இரண்டு, பாதி நேரம் எரிவதாக வைத்தாலும் 21 நாளுக்கு 20 யூனிட்தான். இதனாலேயே பலர் இதில் இறங்குகிறார்கள். குஞ்சின் தரத்தில் அதிகம் அடிபடுவதும் இங்கேதான்.

முதல் காரணம், பெட்டிக்குள் வெப்பம் ஒரே சீராக இருப்பதில்லை. பல்புக்கு நேரே ஒன்று, மூலையில் ஒன்று. ஒரே நாளில் வைத்த முட்டை மூன்று நாளுக்குப் பொரித்துக்கொண்டே இருக்கும். முதலில் வந்தது காய்ந்துபோகும், கடைசியில் வருவது சோனியாக இருக்கும். கணினிக்குப் போடும் சின்ன விசிறி ஒன்றை மாட்டினாலே இந்தச் சிக்கலில் பெரும்பகுதி தீரும். மாட்டினால் வெப்பத்தை 37.5–37.8க்கு இறக்க மறக்காதீர்கள், பழைய 38.8 அளவிலேயே விட்டால் வேகும்.

இரண்டாவது, தெர்மோஸ்டாட் காட்டும் எண். மலிவான சென்சாரில் ஒரு டிகிரி வித்தியாசம் சாதாரணம், முட்டைக்கு அந்த ஒரு டிகிரி உயிர்ப் பிரச்சினை. வீட்டில் இருக்கும் டிஜிட்டல் காய்ச்சல் தெர்மாமீட்டரை எடுங்கள். நமக்கு வேண்டிய 37, 38 டிகிரிப் பகுதியில் துல்லியமாக அளக்கவே அது செய்யப்பட்டது. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அதன் முனையையும் சென்சார் முனையையும் ஒன்றாக வைத்து இரண்டு எண்ணையும் ஒப்பிடுங்கள். வித்தியாசத்தைப் பெட்டியின் மேலேயே மார்க்கரில் எழுதிவிடுங்கள்.

மூன்றாவது ஈரப்பதம், பலரும் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற விஷயம். "கிண்ணம் நிறையத் தண்ணீர் வை" என்று வீடியோவில் சொல்லியிருப்பார்கள். உங்கள் ஊர் எது என்று வீடியோவுக்குத் தெரியாது. நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ அறைக்காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்று வையுங்கள். அதே காற்று பெட்டிக்குள் 37.5க்குச் சூடானால் ஈரப்பதம் தானாகவே 49 சதவீதத்துக்கு இறங்கும். ஏறத்தாழ நமக்கு வேண்டிய அளவே அதுதான், 18 நாள் வரை சின்ன மூடி அளவு தண்ணீர் போதும். கரூரில் கோடையில் 35 டிகிரி, 35 சதவீதம் என்றால் பெட்டிக்குள் 30தான் மிஞ்சும், அங்கே தண்ணீர் கட்டாயம். கிண்ணத்தின் ஆழம் கூடுவதால் ஈரம் கூடாது, வாய் அகலமாக இருக்க வேண்டும்.

ஈரமானியை நம்புவதைவிட முட்டையை நிறுப்பது மேல். அட்டையில் 20 முட்டை, ஒன்று 45 கிராம் வீதம் 900 கிராம். அடுப்படித் தராசில் ஏழாம் நாள் நிறுத்தால் 860 பக்கம் வர வேண்டும், 18ஆம் நாள் 790 பக்கம். ஏழாம் நாளே 840க்கு வந்துவிட்டால் காய்கிறது, தண்ணீரைக் கூட்டுங்கள். 880லேயே நின்றால் கிண்ணத்தை எடுத்துவிடுங்கள். அட்டையின் எடையைக் கழிக்க வேண்டும், ஏழாம் நாள் கழித்த முட்டைகள் இருந்தால் கணக்கை அதற்கேற்ப மாற்ற வேண்டும். இதற்குச் செலவு ஒன்றுமில்லை, செய்பவர்களும் மிகக் குறைவு.

மறைந்த செலவு என்றால் உங்கள் 21 நாள். பென்சிலில் ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம் போட்டு, காலை, மதியம், இரவு புரட்ட வீட்டில் ஆள் வேண்டும். ஒரு கல்யாணத்துக்கு வெளியூர் போனால் அந்த ஈடு போச்சு. தெர்மாகோலைச் சுத்தமாகக் கழுவவும் முடியாது. பொரித்த பிறகு ஓடும் பஞ்சும் எச்சமும் பள்ளங்களில் தங்கி அடுத்த ஈட்டுக் குஞ்சுக்குத் தொப்புள் சீழைக் கொடுக்கும். இரண்டு மூன்று ஈட்டுக்குப் பிறகு பெட்டியை மாற்றிவிடுவது நல்லது.

## தானியங்கி இன்குபேட்டர்

காற்றாடி, தானாகச் சாயும் தட்டு, வெப்ப ஈரப்பதக் கட்டுப்பாடு எல்லாம் உண்டு. ஒழுங்காக ஓட்டினால் ஒரே சீரான குஞ்சு கிடைக்கும், அதுவும் ஒரே நாளில் இறங்கும். புரூடர், தடுப்பூசி, விற்பனை எல்லாவற்றுக்கும் இந்தச் சீர்மை பெரிய வசதி.

வாங்குபவர்கள் சிக்கிக்கொள்ளும் இடம் வேறு. நூற்றைம்பது முட்டை மெஷின் வாங்கிவிட்டு, கிடைக்கிற முட்டையை நாளுக்குப் பத்தாகச் சேர்த்துக்கொண்டே போவார்கள். முதல் ஈடு 19ஆம் நாளில் நிற்கும்போது அதற்கு ஈரப்பதம் 70 வேண்டும், புரட்டக் கூடாது. பின்னால் வைத்ததற்கு 50 வேண்டும், புரட்ட வேண்டும். ஒரே பெட்டியில் இரண்டும் நடக்காது. பொரிக்கும் குஞ்சின் பஞ்சும் கிருமியும் இளங்கரு முட்டை மேல் விழும். ஆகவே மெஷினோடு ஒரு சின்ன ஹேட்சர் (கடைசி மூன்று நாளுக்கு முட்டையை மாற்றும் பெட்டி) தனியாக வேண்டும், இல்லாவிட்டால் வாரம் சேர்த்து ஒரே தடவையில் வைத்து, அது இறங்கிய பிறகே அடுத்தது. இப்படி ஒரே தடவையில் வைப்பவர்கள் கொள்ளளவைத் தீர்மானிக்கும்போது ஏழு நாளில் உங்கள் பண்ணையில் எத்தனை முட்டை விழுகிறது என்று பாருங்கள், அதற்குமேல் பெரிய மெஷின் தேவையில்லை.

கரண்ட் போவது இங்கே இரண்டு விதமாக அடிக்கும். முதல் வாரத்தில் போனால் கதவைத் திறக்காமல் வையுங்கள், சில மணி நேரம் தாங்கும். கடைசி வாரத்தில், முட்டை நிறைந்த மெஷினில் போனால் ஆபத்து எதிர்ப்பக்கம்: காற்றாடி நின்றதும் கரு வெளியிடும் சூடு உள்ளேயே தேங்கும், காற்றும் கெடும். அப்போது கதவைக் கொஞ்சம் திறந்து வைக்க வேண்டும். நடுவில் வரும் முட்டையைக் கண்ணிமையில் ஒட்டிப் பாருங்கள். சுட்டால் இன்னும் திறங்கள், குளிர்ந்தால் மூடுங்கள். இன்வர்ட்டர் செலவை மெஷின் விலையோடு சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும்.

ஊட்டி, கொடைக்கானல் உயரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே காற்றில் ஆக்சிஜன் குறைவு, முட்டை தண்ணீரையும் வேகமாக இழக்கும். சமவெளியில் ஓடிய அதே செட்டிங் அங்கே அப்படியே பலன் தராது.

## ஹேட்சரியில் கொடுத்துப் பொரித்து வாங்குவது

முட்டைக்கு இவ்வளவு என்று கட்டணம். சில இடங்களில் வைக்கும் முட்டைக்கு, சில இடங்களில் இறங்கும் குஞ்சுக்கு. முதல் வகையில் கரு கூடாத முட்டைக்கும் நீங்கள்தான் பணம் கட்டுகிறீர்கள். எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் இல்லையென்றால் அது வீண் செலவு.

பெரிய லாபம் தடுப்பூசி. மேரக்ஸ் என்னும் வைரஸ் நோய்க்கு முதல் நாளே ஊசி போட வேண்டும். மருந்து பெரிய குப்பிகளில் வரும், கலக்கிய பிறகு கொஞ்ச நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். முப்பது குஞ்சுக்காக வீட்டில் அதை வாங்குவது கட்டாது. ஹேட்சரியில் மொத்தமாகப் போடுவார்கள். போடுகிறார்களா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

நஷ்டம் கலப்பு. பத்துப் பண்ணை முட்டை ஒரே அறையில் பொரிக்கிறது. தாய்க்கோழியிலிருந்து முட்டை வழியே வரும் புல்லோரம் என்னும் பாக்டீரியாக் கழிச்சல் (ராணிக்கெட் வெள்ளைக்கழிச்சல் வேறு) யாரோ ஒருவர் முட்டையில் இருந்தால், பொரிக்கும்போது பறக்கும் பஞ்சு மூலம் உங்கள் குஞ்சுக்கும் வரும். உங்கள் தட்டைத் தனியாக வைப்பார்களா, பொரிப்புகளுக்கு நடுவே கிருமி கொல்லும் புகைமூட்டம் போடுகிறார்களா என்று கேளுங்கள். தூய அசில் வளர்ப்பவர்களுக்கு இனம் மாறிவிடும் பயமும் உண்டு.

முட்டை அகன்ற முனை மேலாக, அட்டையில், அதிகாலையில் போக வேண்டும். பைக்கில் குலுங்கி வந்த முட்டையை உடனே மெஷினில் ஏற்றக் கூடாது. அரை நாளாவது அசையாமல் கிடந்தால்தான் குலுங்கிய காற்றறை நிலைக்கு வரும். திரும்பி வரும் குஞ்சு மஞ்சள் கரு மிச்சத்தில் இரண்டு நாள் தாங்கும் என்பது உண்மை. அதை நம்பி முழு இரண்டு நாளும் பெட்டியில் வைத்தால் குஞ்சு காய்ந்துவிடும்.

## ஒரே பார்வையில்

| | அடைக்கோழி | தெர்மாகோல் பெட்டி | தானியங்கி மெஷின் | ஹேட்சரி |
|---|---|---|---|---|
| ஒரு தடவைக்கு | 10–12 முட்டை | 20–50 | 50 முதல் சில நூறு | நூற்றுக்கு மேல் இருந்தால் கட்டும் |
| வெப்பச் சீர்மை | மிக நன்று | விசிறி இல்லாவிட்டால் மோசம் | நன்று | நன்று |
| கரண்ட் போனால் | பாதிப்பில்லை | சில மணி நேரம் | இன்வர்ட்டர் வேண்டும் | அவர்கள் பொறுப்பு |
| தினசரி வேலை | இரை, தண்ணீர் | 3–5 முறை புரட்டல், கண்காணிப்பு | தண்ணீர், கண்காணிப்பு | இல்லை |
| நோய் ஆபத்து | பேன், உண்ணி | சுத்தம் செய்ய முடியாமை | கழுவாவிட்டால் தொப்புள் சீழ் | வேறு பண்ணை முட்டையோடு கலப்பு |
| மறைந்த செலவு | கோழி இழக்கும் முட்டை | உங்கள் நேரம், புரூடர் | இன்வர்ட்டர், தனி ஹேட்சர், புரூடர் | போக்குவரத்து, கரு கூடாத முட்டைக்கும் கட்டணம் |

## யாருக்கு எது

பத்துப் பெட்டைக்குள் வைத்திருப்பவர்கள், வீட்டுத் தேவைக்கும் பொங்கல், தீபாவளி விற்பனைக்கும் வளர்ப்பவர்கள் அடைக்கோழியை விட்டு நகர வேண்டாம். இரண்டு மூன்று சிறுவிடைகளை அடைக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். மற்ற கோழிகள் முட்டையிடட்டும்.

தெர்மாகோல் பெட்டியை, பகலெல்லாம் வீட்டில் இருப்பவருக்கு, கற்றுக்கொள்ளும் ஆர்வம் உள்ளவருக்கு மட்டும் சொல்வேன். அதுவும் விசிறியோடு. வேலைக்குப் போய்வருபவர் அந்தப் பணத்தைச் சேர்த்துவைத்து மெஷின் வாங்கட்டும்.

வாரம் ஐம்பது முட்டைக்கு மேல் ஆண்டு முழுக்க விழுகிற பண்ணைக்குத் தானியங்கி மெஷின். ஆண்டில் இரண்டு மூன்று தடவை மட்டும் நூற்றுக்கணக்கில் குஞ்சு இறக்கி வளர்ப்பவருக்கு ஹேட்சரிதான் லாபம். மெஷின் மாதக்கணக்கில் சும்மா கிடந்தால் சென்சாரும் மோட்டாரும் கெடலாம்.

மெஷினையும் அடைக்கோழியையும் கலப்பதும் நல்ல வழி. மெஷினில் பொரித்த ஒருநாள் குஞ்சை, அதே நாள் பக்கம் பொரிக்கப்போகும் அடைக்கோழியின் அடியில் இரவில் இருட்டில் செருகிவிட்டால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். விடிந்ததும் அருகில் இருந்து பாருங்கள், கொத்தினால் எடுத்துவிடுங்கள்.

எந்த வழியில் போனாலும் ஏழாம் நாள் இருட்டறையில் டார்ச் வைத்து முட்டையைப் பாருங்கள். உயிருள்ள முட்டையில் சிவப்பு நரம்புகள் நாலா பக்கமும் கிளைத்து, நடுவில் கரும்புள்ளி அசையும். ஒன்றுமே இல்லாமல் வெளிச்சம் ஊடுருவினால் பெரும்பாலும் கரு கூடவில்லை, சேவலைப் பாருங்கள். சிவப்பு வளையம் மட்டும் இருந்தால் கரு கூடி முதல் நாட்களிலேயே செத்தது, சேமிப்பையும் வெப்பத்தையும் பாருங்கள். பொரித்த குஞ்சை மல்லாக்கப் போட்டால் மூன்று நொடிக்குள் எழுந்து நிற்க வேண்டும். தொப்புள் மூடியிருக்க வேண்டும், கணுக்கால் சிவந்திருக்கக் கூடாது. கணுக்கால் சிவப்பும் திறந்த தொப்புளும் சேர்ந்து வந்தால் கடைசி வாரம் சூடு கூடிவிட்டது என்று அர்த்தம்.

கடைசியாக, சித்திரை வைகாசியில் முட்டை சேர்ப்பவர்களுக்கு. கரு வளரத் தொடங்கும் வெப்பம் ஏறத்தாழ 21 டிகிரிதான். 35 டிகிரி அறையில் ஒரு வாரம் கிடந்த முட்டையில் கரு அரைகுறையாக வளர்ந்து பலவீனப்பட்டிருக்கும். அதன்பின் அடைக்கோழி வைத்தாலும் ஹேட்சரியில் கொடுத்தாலும் சிவப்பு வளையம்தான் மிஞ்சும். முட்டைக்கு உகந்தது 15 முதல் 18 டிகிரி. அந்த வசதி இல்லாதவர்கள் ஈர மணல் மேல் வைத்த மண்பானையில், மேலே ஈரத்துணி கட்டி, நிழலில் வையுங்கள். துணியின் ஈரம் முட்டையில் படக் கூடாது. ஃபிரிட்ஜின் நடுத்தட்டு இதற்கு அதிகக் குளிர்ச்சி, வெளியே எடுத்ததும் ஓடு வியர்த்துக் கிருமி உள்ளே போகவும் வழி உண்டு. கோடையில் மூன்று நான்கு நாளுக்குள் வைத்துவிடுங்கள், மற்ற மாதங்களில் ஏழு நாளைத் தாண்ட விடாதீர்கள்.